கயிறு யார் கையில்?



வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லஸ் இருந்தால் சற்று எடுத்து வாருங்கள். அதில் ராமேஸ்வரத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து வடகிழக்காக விரலை நகர்த்தினால் 50 கிலோமீட்டருக்குள் கடலில் ஒரு புள்ளி தெரியும். அதுதான் நெடுந்தீவு. இன்னும் சற்று நகர்த்தினால் நயினாதீவு, புங்குடுதீவு, பிறகு ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெரிய தீவு என்று யாழ்ப்பாணம் வரை தீவுகள் வரிசையாக நிற்கும்.

ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு மாறாத கடல் அது. ஆழமும் அதிகமில்லை. பாக் நீரிணைக்குத் தெற்கேயுள்ள அந்த விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. வாடைக்காற்று ஓய்ந்து சோழகக்காற்று எழுவதற்கு முன்பு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கடல் தூங்குவது போல் கிடக்கும். அந்த நீருக்கடியில் கடற்புல் மேடுகளும் பவளப்பாறைகளும் இருக்கின்றன. சங்கும் கடலட்டையும் அங்கேதான் வாழ்கின்றன. வல்ல நாயனின் படைப்பில் நம் கண்ணுக்கு மறைந்திருக்கும் இன்னோர் உலகம் அது.

'ஸ்கூபா' என்ற சொல்லைத் தொலைக்காட்சியில் கேட்டிருப்பீர்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்வியபடி, வண்ண மீன்களுக்கு நடுவே நீந்தும் வெள்ளைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். "பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன?" என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் சகோதரிகளே, நம் கடல்களில் இது பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு! யாழ்ப்பாணத் தீவுகள், மன்னார், கற்பிட்டி போன்ற கரைகளில் சங்குக்கும் கடலட்டைக்கும் ஏராளமான இளைஞர்கள் சிலிண்டருடன் இறங்குகிறார்கள். இலங்கைத் தமிழில் அவர்களைச் 'சுழியோடிகள்' என்பார்கள். அவர்களில் நம் சமுதாயப் பிள்ளைகளும் நிறையப் பேர். அவர்களைப் பெற்ற தாய்மார்களும், கைப்பிடித்த மனைவிமார்களும் கரையில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பழைய உறவு

இந்தக் கடலுக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் இருக்கிறது, பௌத்தர்களின் நாகவிகாரையும் இருக்கிறது, முஸ்லிம்களின் பள்ளிவாசலும் இருக்கிறது. அந்தச் சின்னத் தீவில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அதை வெட்டுவித்தவர் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னர் முதலாம் பராக்கிரமபாகு. எழுதப்பட்ட மொழியோ தமிழ்! அந்நிய நாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்பது அதன் செய்தி. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி உடையவருக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரை வணிகத்தில் அரபு முஸ்லிம்கள் முன்னணியில் இருந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். கடலில் பொருளை இழந்தவனுக்கும் உரிமை உண்டு என்று 800 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஊர்காவற்றுறைக்கு அடுத்தாற்போலுள்ள அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டு ஜான் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் நடத்திய அகழ்வில், 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. சீனத்துக் கப்பலும் அரபுக் கப்பலும் வந்து போன துறை அது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

உலகம் சுற்றிய நம் இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு இலங்கையில் இறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை அவர் சந்தித்தது புத்தளத்தில். அங்கே முத்துக்களைத் தரம் பிரிப்பதைக் கண்டதையும், மன்னர் தமக்கு முத்துக்களைப் பரிசளித்ததையும் தமது பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். இக்கரையில் கீழக்கரை, காயல்பட்டினம் மரக்காயர்கள் முத்திலும் சங்கிலும் வாணிபம் செய்து வாழ்ந்தார்கள். யாழ்ப்பாணக் கடலில் எடுத்த சங்கு வங்காளம் வரை போய், அங்குள்ள இந்துப் பெண்களின் கைகளில் வளையலாக ஏறியது. மதங்கள் வேறு, மொழிகள் வேறு. ஆனால் ஒரு வீட்டின் வளையல் இன்னொரு வீட்டின் சோறு!

திருக்குர்ஆனின் 'அந்நஹ்ல்' அத்தியாயம் 14ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். கடலை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்ததையும், அதிலிருந்து புதிய இறைச்சியும் அணியும் ஆபரணமும் கிடைப்பதையும் இறைவன் தன் அருட்கொடைகளில் ஒன்றாகச் சொல்கிறான். ஆகவே சுழியோடியின் தொழில் கண்ணியமான தொழில். அதில் யாருக்கும் ஐயம் வேண்டாம்.

மச்சான் பிடித்த கயிறு

சிலிண்டர் வருவதற்கு முன்பு சுழியோடிகள் எப்படி இறங்கினார்கள் தெரியுமா? காலை ஒரு கனத்த கல்லில் ஊன்றிக்கொண்டு, இடுப்பில் கூடையைக் கட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து இறங்குவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் அள்ளியதுதான் கூலி. மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் ஒரே மூச்சில் மேலே இழுக்க வேண்டும். கண் அசந்தால் உயிர் போய்விடும்.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பார்கள்? மனைவியின் சகோதரன் கையில் கொடுப்பார்கள் என்று நம் தென்கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. காரணம் என்ன? கூடப்பிறந்தவள் தாலியறுத்து வீட்டில் உட்காருவதை எந்த அண்ணன் தம்பி விரும்புவான்? முத்து ஆசையில் கூட்டாளி கை நழுவவிடலாம், மச்சான் நழுவவிட மாட்டான். பாருங்கள், ஆழ்கடலில் இருந்த ஆணின் உயிர், வீட்டிலிருந்த பெண்ணின் உறவில் கட்டப்பட்டிருந்தது!

இலங்கையில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு திருவிழாவைப் போல் நடந்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பு மிகப் பெரியது. ஆயிரக்கணக்கான சுழியோடிகள் திரண்டார்கள். அரபு நாட்டவர்களும், கீழக்கரை, தொண்டி முஸ்லிம்களும், பரதவர்களும், யாழ்ப்பாணத்தவர்களும் ஒரே கரையில் குடிசை போட்டார்கள். சுறா தீண்டாமலிருக்க மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' என்பவருக்கு அந்த அரசாங்கமே சம்பளம் கொடுத்த வேடிக்கையும் நடந்தது. நமக்கு மந்திரம் தேவையில்லை. ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு இறைவன்மீது நம்பிக்கை வை என்ற கருத்தில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுரை சொன்ன செய்தி திர்மிதி நூலில் இருக்கிறதே! அந்த நாளைய சுழியோடிக்கு ஒட்டகத்தைக் கட்டிய கயிறு, மச்சான் பிடித்த கயிறுதான்.

கயிறு அறுந்த காலம்

1943ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞான் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு கருவியைச் செய்தார்கள். சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை, மூச்சு இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி. இன்றைய ஸ்கூபாவின் மூலம் அதுதான். ஒரு நிமிடம் கீழே இருந்தவன் இப்போது ஒரு மணி நேரம் இருக்கலாம். கல் வேண்டாம், கயிறு வேண்டாம், மச்சானும் வேண்டாம்!

வடபுலத்தில் இந்தத் தொழில் பரவியதற்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதையும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம்தான். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் உடுத்த துணியோடு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினார்கள். கடையையும் வயலையும் தோணியையும் இழந்துவிட்டு அகதி முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு, உடம்பு ஒன்றே முதல். அந்த உடம்பைக் கடலில் இறக்கிப் பிழைத்தவர்களும் உண்டு. 2009இல் போர் முடிந்தபின் வடகடல் மீண்டும் திறந்தது. அதோடு கடலட்டைக்கு விலையும் ஏறியது.

கடலட்டையை நம் பக்கத்தில் யாரும் சமைப்பதில்லை. அவித்து, உலர்த்தி, சிங்கப்பூர், ஹாங்காங், சீனா என்று அனுப்புகிறார்கள். இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். இலங்கையில் அனுமதிப் பத்திரம் பெற்றுப் பிடிக்கலாம். விலை ஏற ஏற, கரையோரத்தில் கிடைத்தது குறைந்துவிட்டது. குறையக் குறைய, சுழியோடி மேலும் ஆழத்துக்குப் போகிறான். ஒரு சிலிண்டர் போதாமல் இரண்டு, மூன்று என்று ஒரே நாளில் இறங்குகிறான். ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

காற்றின் கணக்கு

சகோதரிகளே, இது சிரமமான பாடமல்ல. பொறுமையாகப் படியுங்கள். படித்தபின் உங்கள் வீட்டு ஆணுக்கும் சொல்லுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். சிலிண்டரில் இருப்பது 'ஆக்சிஜன்' என்று எல்லோரும் சொல்கிறோம். இல்லை, அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். இந்த நைட்ரஜன்தான் பின்னால் வில்லனாக மாறுகிறது.

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும், கரையில் நம்மீதுள்ள அளவு அழுத்தம் மேலும் ஒரு மடங்கு கூடுகிறது. 10 மீட்டரில் இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதனால் சிலிண்டரும் சீக்கிரம் தீரும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் 2400 லிட்டர் காற்று. ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் கரையில் 2 மணி நேரம் வரும். அதே சிலிண்டர் 10 மீட்டரில் 1 மணி நேரம்தான், 20 மீட்டரில் 40 நிமிடம்தான். கடும் வேலை செய்தால் அதுவும் வராது. கடைசிச் சொட்டு வரை காத்திருப்பவன் பதறிக்கொண்டு மேலே பாய்வான். அப்படிப் பாய்வதில் இரண்டு ஆபத்துகள்.

ஒன்று, நுரையீரல் கிழிவது. கீழே இழுத்த காற்று மேலே வர வர விரியும். 10 மீட்டரில் நிரப்பிய பலூன் மேலே வந்தால் இரண்டு மடங்கு பெரிதாகும். நுரையீரலும் ஒரு பலூன்தானே? மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது கிழிந்து, காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்கே போகலாம். சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிக் குளித்த தாத்தாவுக்கு இந்த ஆபத்து கிடையாது. ஏனென்றால் அவர் மேலேயிருந்து கொண்டுபோன மூச்சு அது, விரிந்தாலும் பழைய அளவுதான். சிலிண்டர்காரன் கீழே நிரப்பியது வேறு. ஆகவே "ஆழமில்லாத கடல்தானே" என்ற பேச்சு வேண்டாம். ஓராள் ஆழத்திலிருந்து மூச்சைப் பிடித்து வந்தாலும் இது நேரலாம். சிலிண்டர் கட்டியவன் மூச்சை நிறுத்தவே கூடாது. இதுதான் ஸ்கூபாவின் முதல் சட்டம்.

சோடாப் போத்தல்

இரண்டாவது ஆபத்து இன்னும் தந்திரமானது. சோடாப் போத்தலை மெதுவாகத் திறந்தால் ஒன்றும் ஆவதில்லை. குலுக்கிச் சட்டென்று திறந்தால்? நுரை பொங்கி வழிகிறது. அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் குமிழியாக வெளியேறுவதுதான் அந்த நுரை.

ஆழத்தில் நெடுநேரம் இருப்பவரின் உடம்பில் நைட்ரஜன் அப்படியே கரைந்து நிற்கிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். அவசரமாக வந்தால் இரத்தத்திலும் மூட்டிலும் முதுகுத் தண்டிலும் குமிழிகளாகப் பொங்கும். மூட்டுவலியில் தொடங்கி, காலிரண்டும் விளங்காமல் போவது வரை அது கொண்டுவிடும். 30 வயது இளைஞன் கட்டிலோடு முடங்கிவிட்டால், அவனைத் தூக்கி இறக்கிக் கழுவித் துடைப்பது யார்? இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களைப் போன்ற ஒரு பெண்தான்.

பயிற்சிப் பள்ளிகளின் அட்டவணைப்படி 18 மீட்டரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 30 மீட்டரில் 20 நிமிடமும்தான் தங்கலாம். அதுவும் அன்றைய முதல் இறக்கத்துக்கு மட்டும். இரண்டாவது முறை இறங்கினால் நேரம் இன்னும் குறையும். ஏனென்றால் முதல் முறை கரைந்த நைட்ரஜன் இன்னும் உடம்பில் இருக்கிறது. மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவது நல்லது. ஆழமான இறக்கங்கள் செய்தபின் அன்றே விமானம் ஏறுவதும் கூடாது.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

கவனியுங்கள். இந்த நோய் பெரும்பாலும் கடலில் தெரிவதில்லை. கரையேறிய சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள், அதாவது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். முதலில் பார்ப்பவர் மருத்துவரல்ல, நீங்கள்தான்.

தோள், முழங்கை, முழங்காலில் இனம் தெரியாத வலி. தோலில் அரிப்பு அல்லது திட்டுத்திட்டாக நிறமாற்றம். கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல். தலைச்சுற்றல், பார்வை மங்குதல். சிறுநீர் பிரியாமை. வழக்கத்துக்கு மாறான அசதி. சிலிண்டர் கட்டி இறங்கியவருக்கு அந்த நாளில் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

நம் வீடுகளில் வழக்கமாக என்ன செய்வோம்? "கடல் குளிர்ச்சி" என்று தைலம் தேய்ப்போம், வெந்நீர் ஊற்றுவோம், சூடாகக் கோப்பி கொடுத்துத் தூங்கவிடுவோம். வேண்டாம்! "இன்னொரு தடவை கீழே போய் வந்தால் சரியாகும்" என்று கூட்டாளிகள் சொல்வார்கள். அதைக் கேட்டு இறங்கியவன் கடலிலேயே மயங்கினால் என்ன கதி? ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

அவரைச் சமமாகப் படுக்க வையுங்கள். நினைவு நன்றாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இலங்கையில் 1990 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் 'சுவசெரிய' இலவச ஆம்புலன்ஸ் வரும். 2016இல் தொடங்கிய அந்தச் சேவை 2018 முதல் வடமாகாணத்திலும் இருக்கிறது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இருப்பவர்கள் படகில்தான் குறிகட்டுவான் துறைக்கு வர வேண்டும். நெடுந்தீவிலிருந்து அது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஆகவே "விடியட்டும் பார்ப்போம்" என்பது அங்கே இருமடங்கு ஆபத்து.

மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, "இவர் சிலிண்டர் கட்டிச் சுழியோடியவர்" என்று சொல்லுங்கள். எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாதமென்றோ மூட்டுவலியென்றோ மருந்து எழுதிவிடக்கூடும். இதற்கு முதலுதவி தூய ஆக்சிஜன். முழு மருத்துவம், நோயாளியை அழுத்த அறையில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைப்பது. இலங்கைக் கடற்படையிடம் திருகோணமலையில் அப்படிப்பட்ட அறை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம். நீங்கள் வீட்டில் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பயணத்தோடு சேர்ந்துகொள்ளும்.

போகுமுன் நாலு கேள்வி

ஆண்கள் தொழிலில் பெண் தலையிடுவதா என்று கூச்சப்பட வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது அன்பாகக் கேளுங்கள்.

"கூட யார் இறங்குகிறார்?" தனியாக இறங்குபவனுக்கு ஆபத்தில் கைகொடுக்க ஆளில்லை. "காற்று எங்கே அடைத்தீர்கள்?" கம்ப்ரஸர் இயந்திரத்தின் புகை, காற்று இழுக்கும் வாயில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு சிலிண்டருக்குள் போய்விடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. "இன்றைக்கு எத்தனை முறை இறங்கப் போகிறீர்கள்?" பேராசை எங்கே நிற்கிறது என்பதை இந்தக் கேள்வி காட்டிவிடும். "சளி பிடித்திருக்கிறதா?" மூக்கடைப்போடு இறங்கினால் காதுச் சவ்வு கிழியும். ஆஸ்துமாக்காரர் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

ஐந்தாவதாக ஒன்றை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். "இன்னும் கொஞ்சம் கொண்டு வந்தால் என்ன?" என்று நம் நாக்கு அவரை விரட்டுகிறதா? மகளின் கல்யாணம், கைக்கூலி, பெருநாள் சேலை என்று நாம் போடும் கணக்கு, அவரை 20 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குத் தள்ளிவிடக் கூடும்.

நோன்பு மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்தக் குமிழி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. நோன்போடு ஆழத்தில் இறங்குவது நல்லதல்ல. அந்த மாதத்தில் கரையோர வேலையாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீரில் மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று நபிமொழி கூறுவது உண்மைதான். அது குடும்பத்தாருக்கு ஆறுதல். அஜாக்கிரதைக்கு அனுமதிச் சீட்டல்ல! தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்வதை 'அல்பகரா' அத்தியாயம் 195ஆம் வசனம் தடுக்கிறதல்லவா?

பெண்கள் இறங்கலாமா?

இதைப் படிக்கும் இளம் சகோதரிகள் சிலர் இப்படிக் கேட்கக் கூடும். கடலும் பெண்ணும் அந்நியமல்ல. ராமேஸ்வரம் தீவைச் சுற்றிச் சேலையை வரிந்துகட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் கடற்பாசி எடுக்கும் மீனவப் பெண்களை இன்றும் பார்க்கலாம். கொரியாவின் ஜேஜு தீவில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களே சிலிண்டர் இல்லாமல் குளித்துக் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களின் மரபை 2016இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சவூதி அரேபியாவின் செங்கடல் கரையில் பெண்களுக்குப் பெண்களே ஸ்கூபா கற்றுத் தருகிறார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் உடையும், தலையை மூடும் உறையும் அந்தத் தொழிலிலேயே இருக்கின்றன.

பெண் பயிற்றுநர், ஒழுங்கான உடை, மஹ்ரம் துணை ஆகியவை அமைந்தால் இறைவனின் படைப்பைக் கண்டு வியப்பதில் தவறென்ன? ஆனால் கர்ப்பிணிகள் சிலிண்டர் கட்டி இறங்கக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள மருத்துவ அறிவுரை. ஸ்கூபா எல்லோருக்கும் வாய்க்காது. நீச்சல் வாய்க்கும். தீவிலும் கடற்கரையிலும் பிறந்த பெண் பிள்ளைக்கு நீந்தத் தெரியாமலிருப்பது பெருமையல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் மறந்துவிட முடியுமா? தாயோ, பெரியம்மாவோ, சாச்சியோ மறைவான இடத்தில் சொல்லிக் கொடுக்கலாம்.

கடலும் ஓர் அமானிதம்

கடைசியாக ஒன்று. 1998இலும் 2016இலும் கடல் நீர் அளவுக்கு மேல் சூடானபோது இலங்கையின் பவளப்பாறைகள் பல இடங்களில் வெளுத்துச் செத்தன. இழுவை மடி கடலடியை உழுது அழிப்பதால் 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. 2021 ஜூனில் நெடுந்தீவுக்கு அப்பால் ஓட்டத்துக்கு உதவாத பழைய பஸ்களைக் கடலில் இறக்கினார்கள். மீன்கள் தங்கிப் பெருகட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தமிழக மீனவர்கள் அதை எதிர்த்தார்கள். தீவுகளின் ஆழமற்ற கரைகளில் இப்போது கடலட்டைப் பண்ணைகள் வலையடைத்து நடக்கின்றன. அதில் ஆழத்தில் இறங்கும் ஆபத்தில்லை. ஆனால் சிறு மீனவரின் இடம் பறிபோகிறது என்ற முறைப்பாடும் எழுந்திருக்கிறது. எதைச் செய்தாலும் பக்கத்து வீட்டான் வயிற்றையும் பார்க்க வேண்டும் என்பதுதான் நம் மார்க்கம் கற்றுத் தந்த அயலார் உரிமை.

கடலட்டை அசிங்கமான பிராணியாகத் தோன்றலாம். அதுவோ மணலைத் தின்று, கழிவை அரித்து, சுத்தமான மணலை வெளியே தள்ளிக் கடலடியைப் பெருக்கி வைக்கும் வேலைக்காரி! குஞ்சையும் சேர்த்து அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு என்ன மிஞ்சும்? சிறியதை விட்டுவிட்டு வரும் கணவனைக் கையாலாகாதவன் என்று ஏசாதீர்கள். பிள்ளைகளின் பங்கைக் கடலில் சேமித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார் அவர்.

சகோதரிகளே, மச்சான் பிடித்த கயிறு இன்று இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, கவனிக்க வேண்டிய அறிகுறி, உடனே ஓட வேண்டிய ஆஸ்பத்திரி, போதும் என்று சொல்லும் மனம், இந்த நான்கையும் முறுக்கினால் அதுவும் ஒரு கயிறுதான். அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கடலில் இறங்கும் நம் பிள்ளைகளை வல்ல ரஹ்மான் நலமாகக் கரை சேர்ப்பானாக! அவர்கள் கொண்டு வரும் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.